பஞ்சுக்குக் குடுத்த மரியாதை

எப்சி பிள்ளை பெத்து மம்சாபுரத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தா பாத்துக்கோங்க, நடையில கால் வச்சதுமே அந்த வாசம் அடிச்சிருச்சு. அவ அப்பா நேசையனோட பீடி வாசம். மத்தவங்களுக்கு அது நாத்தம். அவளுக்கு அப்படி இல்ல. சின்னதுல காய்ச்சல் வந்தா அப்பாதான் தோள்ல போட்டு, பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவாரு. அந்தச் சட்டையில மூஞ்சியப் பொதச்சுக்கிட்டா ஊசி போட்டாக்கூட அழ மாட்டா.

இப்ப அதே ஊரு ஆஸ்பத்திரிக்குத்தான் இருமுத பிள்ளையத் தூக்கிட்டுப் போனா.

"வீட்டுல பீடி சிகரெட் குடிக்கிறவங்க உண்டாம்மா?"ன்னு டாக்டரம்மா கேட்டாக.

"அப்பா உண்டு. ஆனா கொல்லையில நின்னுதான் குடிப்பாவ."

"கையில, சட்டையில, மீசையில ஒட்டிக்கிட்டு உள்ள வந்துரும்மா. பச்சப்பிள்ள நெஞ்சு தாங்காது."

வீட்டுக்கு வந்தா, பீடிய அணச்ச கையோட நேசையன் ஓடி வாராரு. "வாடி ராசாத்தி, தாத்தாட்ட வா."

எப்சி பிள்ளைய நெஞ்சோட அணச்சுத் திரும்பிக்கிட்டா. மனுசன் கை அந்தரத்துல நிக்கி.

"யப்பா, சட்டைய மாத்திட்டு, கை மூஞ்சி கழுவிட்டு வாங்க."

"ஏட்டி, உன்னைய வளத்த கைதான இது?"

அம்மா அமிர்தவல்லி அடுப்படியில இருந்து, "நாம சாம்பிராணி புகை காட்டலையா, அதுக்கு என்ன ஆகிப்போச்சு"ன்னா.

"டாக்டரம்மா அதையும் நிப்பாட்டச் சொல்லிட்டாவம்மா."

நேசையன் கட்டில்ல போயி செவரப் பாத்துப் படுத்துக்கிட்டாரு. சோத்துக்குக் கூப்பிட்டும் எந்திரிக்கல. எப்சிக்கோ, அப்பா கடைசி வரைக்கும் பிள்ளையத் தொடாமலே இருந்துருவாவளோன்னு பயம். செத்த நேரம் கழிச்சுக் கட்டில் ஓரமா உக்காந்தா.

"யப்பா, நீங்க வேல பாத்த ராஜபாளையம் பஞ்சு மில்லுல, கேட்டுலயே பீடி, தீப்பெட்டிய வாங்கி வச்சுக்கிடுவாவன்னு சொல்லுவியளே."

"பின்ன? பஞ்சு கெடக்க எடம். ஒரு பொறி போதாதா."

"நீங்க ஒரு தடவயாவது ஒளிச்சுக் கொண்டு போயிருக்கியளா?"

மனுசன் எந்திரிச்சு உக்காந்துட்டாரு. "நானா? ஷிப்ட் முடியிற வரைக்கும் வாயி நமநமன்னு இருக்கும். தொட்டது கெடையாது."

"பஞ்சுக்குக் குடுத்த மரியாதைய எம்பிள்ளைக்குக் குடுக்கக் கூடாதா?"

அவரு கட்டில விட்டு எறங்குனாரு. பொறவு சுத்தியல எடுத்துட்டுக் கொல்லைக்குப் போனாரு. முருங்கை மரத்துல ஆணி அடிச்சுச் பீடி குடிக்கப் போடுத சட்டையத் தொங்க விட்டாரு. பீடிக்கட்டு, தீப்பெட்டி எல்லாம் மரத்தடி டப்பாவுல. குழாயடியில ஒரு சோப்பு.

"அவியளுக்கு மறுபடி மில்லுல வேல கெடச்சிருச்சு டோய்"ன்னு அமிர்தவல்லி சிரிச்சா.

பீடிய விட்டாரான்னா, விடல. ஆனா ஒரு பீடிக்கு இம்புட்டுச் சோலியான்னு அலுத்தே பாதி கொறஞ்சு போச்சு. பிள்ளை இருமலும் அடங்குச்சு. சோப்பு வாசம் அடிக்கிற தாத்தா தோள்ல கெடந்து ஒறங்குது.

எப்சிக்கு நெஞ்சு குளுந்துதான் போச்சு. ஆனா அப்பா பக்கத்துல வந்தா வேற யாரோ மாதிரி இருந்துச்சு. ஒரு நா சாயங்காலம் பிள்ளை துணி எடுக்கக் கொல்லைக்குப் போனவ, முருங்கை மரத்துக்கிட்ட நின்னுட்டா. சட்டைய இழுத்து மூஞ்சியில வச்சுக்கிட்டா. அந்தக் காய்ச்சல், அந்த பஸ்சு, அந்தத் தோளு, அம்புட்டும் அதுக்குள்ளதான் இருந்துச்சு.

"ஏட்டி எப்சி," பேத்தியத் தோள்ல போட்டுக்கிட்டு நேசையன் பின்வாசல்ல நிக்காரு. "அப்படியே உள்ள வந்துராத. இங்க கேட்டுல சோதனை உண்டு."

எப்சி சோப்ப எடுத்தா.