இரண்டு ஸ்பூன்

மாதா கோயில் ஆர்கனின் பின்பலகையைக் கழற்றியதும் சிலுவைராஜ் முதலில் உள்ளே இருந்த பல்பைத்தான் தொட்டுப் பார்த்தான். சூடே இல்லை. கொடைக்கானலில் பனிமூட்டம் ஜன்னல் வழியாக வந்து வீட்டு ஆள்போல உள்ளே உட்கார்ந்துகொள்ளும். மரம் அதைக் குடித்து உப்பிவிடும். பிறகு வாசிக்கும் கட்டையை அழுத்தினால் அது திரும்ப எழாது. அதனால் பியானோவோ, ஆர்கனோ, துணி அலமாரியோ, உள்ளே சூட்டுக்கு ஒரு பல்பை எந்நேரமும் எரியவிடுவது ஊர் வழக்கம். கோயிலைக் கூட்டும் கித்தேரியம்மாள் கரண்டு வீண் என்று அதை அணைத்திருந்தாள். கேட்டால், பெட்டிக்குள் யார் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று திருப்பிக் கேட்டாள்.

இது காலால் மிதித்து வாசிக்கும் ஆர்கன். மிதிக்க மிதிக்க அடியிலுள்ள துருத்தி காற்றை இழுக்கும். கட்டையை அழுத்தினால் அந்தக் காற்றுக்கு ஒரு வாசல் திறக்கும். வாசலில் இருக்கும் பித்தளை நாக்கு நடுங்கும். அந்த நடுக்கம்தான் சுரம். நீள நாக்குக்குத் தடித்த குரல், குட்டை நாக்குக்குக் கீச்சுக் குரல். பாடாத நாக்கை உருவித் தூசியைத் துடைத்துச் செருகினால் மறுபடி பாடிவிடும். எதையும் ஒளித்துவைக்காத இந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அவனுக்கு மனம் நிறைந்திருக்கும். பள்ளிக்கூடங்களும் பங்களாக்களும் இப்போது அவனைத் தேடி ஆள் அனுப்பின. பாட அல்ல, பழுது பார்க்க.

மூன்று வருஷம் முன்பு, எண்பத்தொன்றில், ஏரிக்கரை டீக்கடைகளில் எல்லாம் அவன் குரல்தான். கேசட்டில் பெயர் சில்வர் ராஜ். அப்போதும் அட்டையில் அவன் பெயருக்கு மேலே இசையமைப்பாளர் செபாஸ்டினின் தம்பி, பாடகி செல்வமேரியின் தம்பி என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். அண்ணன் இசையோ அக்கா குரலோ இல்லாத படம் இல்லை. மேடையேறும்போதெல்லாம் அந்த இரண்டு பெயர்களும் அவன் கழுத்தைப் பிடித்தன. தொண்டை பிசிறாமலிருக்க யாரோ இருமல் மருந்து கொடுத்தார்கள். இரண்டு ஸ்பூன். அந்த மருந்து நெஞ்சில் உள்ள சளியை ஒன்றும் செய்வதில்லை. இரும வேண்டும் என்று மூளை நினைப்பதைத்தான் நிறுத்துகிறது. அதோடு பயப்பட வேண்டும் என்று நினைப்பதையும் நிறுத்தியது. கடைசியில் ஸ்பூன் போய், புட்டியோடு கவிழ்த்தான். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அண்ணன் எல்லோரிடமும் பிராந்தி என்று சொல்லிவிட்டார். குடித்துக் கெட்டான் என்றால் ஊருக்குப் புரியும், இருமல் மருந்து என்றால் சிரிக்கும். அக்காவும் அதையே நம்பினாள். அவன் திருத்தவில்லை.

அந்த அக்காதான் இப்போது கோயில் வாசலில் காரை விட்டு இறங்கி வந்தாள். அவளைப் பார்க்க வெளியே டூரிஸ்ட் கூட்டம் சேர்ந்துவிட்டது. தம்பி குடிக்காமல் இருக்கிறான் என்று கேட்டு வந்திருக்கிறாள். முகம் தெளிந்திருப்பதைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கியது. அண்ணன் புதுப் படத்தில் ஒரு பாட்டை அவனுக்கென்றே வைத்திருப்பதாகவும், திங்கட்கிழமை ரெக்கார்டிங் என்றும், கையோடு கூட்டிப் போகவே வந்ததாகவும் சொன்னாள். பதில் சொல்ல வாய் திறந்தவனுக்கு ஆர்கன் தூசி ஏறி இருமல் வந்தது.

செல்வமேரி கைப்பையைத் திறந்து ஒரு புட்டியும் ஸ்பூனும் எடுத்தாள். தொண்டையை வைத்துச் சோறு தின்கிற வீடு அது. யார் இருமினாலும் அடுத்தவர் கை மருந்துக்குத்தான் போகும். மூடியைத் திறந்து ஸ்பூனில் ஊற்றியதும் அந்த வாசனை வந்தது. சிலுவைராஜின் நாக்கின் அடியில் நீர் சுரந்தது. இதை விழுங்கினால் திங்கட்கிழமை மெட்ராஸில் இருப்போம், அதற்கப்புறம் தன்னைத் தன்னால் அடக்க முடியாது என்று அவனுக்குத் தெரிந்தது.

“வாயத் தெறலே. தொண்டைய இப்பிடியா போட்டு வைப்ப?”

“வேணாங்க்கா.”

“கசக்காதுலே. நானே ரெண்டு ஸ்பூன் குடிச்சிட்டுத்தான மைக்கு முன்னாடி நிக்கிறேன்.”

“அக்கா, நான் பிராந்தியத் தொட்டதே இல்ல. அண்ணன் பொய் சொல்லிருச்சு. நான் குடிச்சது இதத்தான்.”

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. ஆர்கனை விளக்குவது போலவே அவளுக்குப் பொறுமையாக விளக்கினான். முதலில் இருமல் போகும், பிறகு பயம் போகும், பிறகு மருந்து இல்லாவிட்டால் பயமும் இருமலும் சேர்ந்து திரும்பி வரும். அவள் ஸ்பூனிலிருந்த மருந்தைப் புட்டிக்குள்ளேயே திரும்ப ஊற்றப் பார்த்தாள். பாதி விரலில் வழிந்தது.

“எத்தன ஸ்பூன்லருந்துலே இப்பிடி ஆச்சு?”

“தெரியலக்கா. அது தெரிஞ்சப்ப எண்ணுறதையே விட்டுருந்தேன்.”

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவன், அண்ணனின் பாட்டு நன்றாக இருக்கும், ஆனால் தான் வரவில்லை, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குள் இந்தப் பெட்டி பாடியாக வேண்டும் என்றான். அவள் வற்புறுத்தவில்லை. புட்டியை மூடி, பைக்குள் போட்டு, விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

இருவரும் வெளியே வந்தபோது எதிரில் நிற்பவர் முகம் தெரியாத அளவுக்கு மூட்டம் இறங்கியிருந்தது. யாரோ ஒருவர் பக்கத்தில் வந்து, “ஏங்க, செல்வமேரி உள்ளதான இருக்காங்க?” என்று கேட்டார்.

“போயிட்டாங்கய்யா. வெரசாப் போனா மெயின்ரோட்டுல பிடிச்சிரலாம்,” என்றாள் செல்வமேரி.

கூட்டம் மொத்தமும் செருப்புச் சத்தத்தோடு சரிவில் இறங்கி ஓடியது. சிலுவைராஜ் சிரிப்பை அடக்கினான். குளிர்காற்று முகத்தில் அடித்ததும் அவளுக்கு இருமல் வந்தது. புட்டி கிடந்த பையின் வாயை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தம்பியின் தோளைப் பற்றி, நடுரோட்டில் நின்று சின்னப் பிள்ளைபோல நெஞ்சு குலுங்க இருமினாள்.