வாசலில் ஆடாத கேடயம்

குழுவுக்கு நான் தர வேண்டியிருந்தது இரண்டாயிரத்து முந்நூற்றைம்பது காசு. கைபேசி விளையாட்டுக்குள் மட்டும் செல்லும் காசு அது. வெளியே அதை வைத்து ஒரு தீப்பெட்டிகூட வாங்க முடியாது. ஆனாலும் கடன் கடன்தானே. எங்கள் கோட்டைக்குள் ஒரு பலகை உண்டு. பொதுப் பெட்டியிலிருந்து வாங்கியவர்கள் பெயரும் தொகையும் அதில் இருக்கும். ‘மூட்டை – 2350.’ மூட்டை நான்தான். கிடங்கில் சரக்கு இறக்குகிறவன் வேறென்ன பெயர் வைத்துக்கொள்வான்?

முதலில் நான் அந்த விளையாட்டுக்குள் போனது மீன் பிடிக்கத்தான். வேலை முடிந்து வந்து, சுவரில் முதுகைச் சாய்த்து, ஆற்றங்கரையில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பேன். யாரும் ஏவ மாட்டார்கள். அப்போதுதான் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியிருந்தேன். ஒருநாள் பக்கத்தில் ஒருவர் வந்து நின்று எழுதினார்: “தனியாவே இருக்கீங்களேண்ணே, எங்ககூட வாங்களேன்.” நான் அதைப் படித்து முடிக்கும் வரை அவர் போகாமல் நின்றார். அதற்காகவே சேர்ந்தேன். அவர்தான் எங்கள் கேப்டன். பள்ளி வேன் ஓட்டும் பெண்.

எனக்கு வாசல் காவல் கொடுத்தார்கள். அதற்குப் பெரிய கேடயம் வேண்டும். பெட்டியிலிருந்து வாங்கித் தந்தார்கள், அதுதான் கடன். கடன் இருக்கிறவர் ஞாயிறு நாலு மணிச் சண்டைக்குத் தவறாமல் வர வேண்டும் என்பது குழுவின் வழக்கம்.

ஒரு மீன் விற்றால் பத்துக் காசு. அன்றிலிருந்து ஆற்றங்கரையில் நான் எண்ணத் தொடங்கினேன்.

“என்ன, உதடு அசையுது?” என்றாள் மனைவி.

“மீன் எண்ணுறேன்.”

“கிடங்குல மூட்டை, இங்க மீனா? இதுக்குக் கூலி எவ்வளவாம்?”

நான் அடுத்த மீனை இழுத்தேன்.

நூற்றிருபத்து மூன்று மீன் விற்றிருந்தபோது, ஒரு ஞாயிறு மதியம் மேஸ்திரி கூப்பிட்டார். எதிர்பாராத லோடு. முடியாது என்றால் அடுத்த வாரம் வேலைக்குக் கூப்பிட மாட்டார். குழுவிடமும் முடியாது என்று எழுதக் கை வரவில்லை. ஈரப் பஞ்சை வைத்தால் கைபேசி அதை விரல் என்று நம்பிவிடும், கிடங்கில் எல்லோருக்கும் தெரிந்த தந்திரம் அது. நாலு மணிக்குக் கோட்டை வாசலில் போய் நின்று, கேடயம் தூக்கும் பொத்தான்மேல் பஞ்சை வைத்து, அதன்மேல் ஒரு பூட்டைப் பாரமாக வைத்துவிட்டு லாரியில் ஏறினேன்.

கேடயம் உயர்ந்திருந்தால் வாசலில் யாரும் நுழைய முடியாது. எதிரியும் முடியாது, நம் ஆளும் முடியாது. அது என் மண்டையில் ஏறவில்லை.

ஐந்தரைக்கு வந்து பார்த்தேன். ‘வழி விடுங்க மூட்டை’ என்று பதினோரு முறை எழுதியிருந்தார்கள். துரத்தப்பட்டு ஓடிவந்த எட்டுப் பேரும் என் கேடயத்துக்கு வெளியே விழுந்துவிட்டார்கள். ஒரு மாதமாகச் சேர்த்த சாமான் அத்தனையும் போயிற்று.

குழு அழைப்பில் எல்லோரும் இருந்தார்கள். “எதிரி சம்பளம் குடுத்துத் தேடினாலும் இப்படி ஒரு வாசல்காரர் கிடைக்க மாட்டார்ண்ணே,” என்றார் குழுவில் இருந்த ஒரு எலக்ட்ரீஷியன்.

“பஞ்சை வெச்சுட்டு லோடு இறக்கப் போயிட்டேன்,” என்றேன்.

யாரோ சிரித்தார்கள். கேப்டன் சிரிக்கவில்லை.

“தெரியும்ண்ணே. நீங்க நின்னா கேடயம் கொஞ்சம் ஆடும். இன்னிக்கு ஆடவே இல்ல.”

மூட்டை தூக்கிய கை எனக்கு மறுநாள் வரை நடுங்கும். அதை ஒருவர் கவனித்திருக்கிறார்.

“வர முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற ஆள நிறுத்தியிருப்பேனே?”

“கடன் இருக்கிறவன் எப்படிம்மா அதைச் சொல்றது?”



“கேடயத்தைப் பெட்டியில போட்டுடுங்க,” என்றார் கேப்டன். “மீதிக் கடன நான் அழிச்சுடறேன்.”

“அப்ப நான் வெளியவா?”

“யார் சொன்னா? வாசல் மட்டும்தான் வேண்டாம். முடிஞ்ச ஞாயிறு வாங்க. முடியலன்னா வாயத் திறந்து சொல்லுங்க.”

அடுத்த ஞாயிறு இடுப்பு நிமிரவில்லை. மூன்று மணிக்கே எழுத்து எழுத்தாகத் தேடி எழுதினேன்: “இன்னிக்கு முடியாது. உடம்பு வலி.”

“சரிண்ணே, பஞ்சை மட்டும் அனுப்புங்க,” என்று எலக்ட்ரீஷியன் பதில் போட்டார்.

அன்றிரவு படுத்தபடியே, மீன் பிடிக்க ஆற்றுக்குப் போகுமுன் கோட்டைக்குள் நுழைந்தேன். வாசலில் இப்போது நின்றது எலக்ட்ரீஷியன்தான். வழி விட்டார். எட்டுப் பேர் இழந்ததை யாரும் பலகையில் ஏற்றியிருக்கவில்லை. என் கடனில் மீதியிருந்த ஆயிரத்து நூற்றிருபதையும் தேடினேன். இல்லை. என் பெயர் இருந்த இடத்தில் வெறும் மரம் தெரிந்தது.