தமிழ் கேட்காத பேச்சியம்மா

செவ்வாய்க்கிழமை புதிய மாகாண சபையின் முதல் அமர்வு. ஒரு வாரமாகக் கட்டிடமே அல்லோலகல்லோலப்பட்டது. கதிரைகளுக்கு மெருகு பூசினார்கள், செங்கோலைத் துலக்கினார்கள், தோற்றுப்போனவர்களின் பெயர்ப் பலகைகளைக் கழற்றிப் பெட்டியில் போட்டார்கள். இந்த அமளியில் பத்மாதேவிக்கு ஒரே ஒரு கவலைதான். சபை மண்டப மூலையில் இருந்த கண்ணாடி அறையை மூடிவிடுவார்களா?

அந்த அறைதான் உரைபெயர்ப்பாளரான அவளுடைய இடம். சிங்களப் பேச்சைத் தமிழிலும் தமிழ்ப் பேச்சைச் சிங்களத்திலும் உடனுக்குடன் சொல்வது வேலை என்று நியமனக் கடிதம் சொல்லும். நடப்பு வேறு. போன சபையின் தமிழ் உறுப்பினர்கள் கண்டியில் கடை வைத்திருந்தவர்கள். சிங்களம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு, அதிலே கொஞ்சம் பெருமையும் உண்டு. ஐந்து வருடம் ஒருவரும் அவள் குரலைக் காதில் மாட்டவில்லை.

புதிய செயலாளருக்கு வீண்வேலை பிடிக்காது. எந்த மொழி வேண்டும் என்று எல்லா உறுப்பினர்களிடமும் படிவம் வாங்கும்படி பத்மாதேவியிடமே சொன்னார். ஒருவராவது தமிழ் கேட்காவிட்டால் அறைக்குப் பூட்டு, பத்மாதேவிக்கு மாத்தளைக்கு இடமாற்றம்.

மூன்று தமிழ் உறுப்பினர்கள் சிங்களம் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். மிச்சம் ஒருத்தி: மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து, தொழிற்சங்கத்தில் மாதர் தலைவியாகி, முதல் தடவையாக வென்று வந்திருந்த பேச்சியம்மா. அவளிடமிருந்து படிவம் வரவில்லை. பத்மாதேவி தொலைபேசியில் கேட்டு, பதிலைத் தன் கையாலேயே நிரப்பினாள். சிங்களம்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோட்டத்து மனுசிக்கே தமிழ் வேண்டாமாம் என்று அன்றைக்கு முழுக்கப் புறுபுறுத்தாள்.

வெள்ளிக்கிழமை புதியவர்களுக்கு ஒத்திகை. பேச்சியம்மா எல்லாருக்கும் முன்னே வந்துவிட்டாள். "நம்ம சீட்டு எங்கன்னு யாருகிட்ட கேக்குறது?" என்று கூட வந்த மகளிடம் அவள் சொன்னது பத்மாதேவியின் காதில் விழுந்தது.

"என்னட்டைக் கேளுங்கோ. முன்வரிசை, இடப்பக்கம்."

பேச்சியம்மா திரும்பினாள். "இந்தக் குரலு எனக்குத் தெரியுமே. போன்ல பேசுன மிஸ் நீங்கதானே?"

"ஓம்."

"நீங்க தமிழா?"

பத்மாதேவிக்கு அப்போதுதான் உறைத்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபது வருடம் இந்த அரசாங்கக் கந்தோரில் வேலை பார்த்த பழக்கம். தொலைபேசியைத் தொட்டால் வாயில் சிங்களம்தான் வரும். அன்றும் சிங்களத்தில் தொடங்கி, சிங்களத்திலேயே கேட்டு, சிங்களத்திலேயே நன்றி சொல்லி வைத்திருக்கிறாள்.

"சிங்கள மிஸ்னு நெனச்சேன்," என்றாள் பேச்சியம்மா. "வந்ததும் வராததுமா தமிழ் வேணும்னா மூஞ்சியச் சுளிப்பாங்களோன்னு பயம். எனக்குத் தெரிஞ்ச சிங்களம் சந்தைக்குப் போதும் மிஸ். சபையில எந்திரிச்சு லயத்து வீட்டுக் கூரையப் பத்திப் பேசப் போதுமா? வாயத் தொறக்காம அஞ்சு வருசம் உக்காந்துட்டுப் போவேன், அவ்வளவுதான்."

பத்மாதேவியை வெட்கம் பிடுங்கித் தின்றது. தமிழுக்கென்று சம்பளம் வாங்குகிறவள், தமிழச்சியிடம் தமிழ் வேண்டுமா என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறாள்.

நேரே செயலாளரிடம் போனாள். நல்ல மனிதர்தான், ஆனால் கடதாசி இல்லாமல் அசையமாட்டார். பட்டியலில் கையெழுத்து வைத்தாயிற்று என்றார் சிங்களத்தில். மாற்றுவதானால், பிழை விட்டவர் அதை எழுதித் தரவேண்டும்; அந்தக் கடிதம் அவருடைய சேவைக் கோவையில் நிரந்தரமாகக் கிடக்கும். "அடுத்த மாதம் உங்களுக்குப் பதவி உயர்வு நேர்முகம் இருக்கிறது. யோசித்து எழுதுங்கள்."

யோசிக்கவில்லை என்றால் பொய். பதவி உயர்வோடு மாத்தளையில் இருப்பதும் ஒன்றும் குறைவில்லை. ஆனால் மண்டபத்தில் பேச்சியம்மா தன் ஒலிவாங்கியைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்மாதேவி தன் மேசைக்குப் போய், அரை மணியில் கடிதத்தோடு திரும்பி வந்தாள்.

செயலாளர் அதை வாங்கினார், மறுபக்கம் திருப்பினார், மறுபடி முன்பக்கம் பார்த்தார். முழுவதும் தமிழில் இருந்தது.

"இதை எனக்கு யார் மொழிபெயர்ப்பது?"

"இந்தக் கட்டிடத்தில் நான் ஒருத்திதான், சேர்."

அவர் எதிரே இருந்த கதிரையைக் காட்டினார். பத்மாதேவி உட்கார்ந்து, தன் பிழையை ஒரு சொல்கூடக் குறைக்காமல் சிங்களத்தில் சொன்னாள். கேட்டு முடித்து அவர் பேனையை எடுத்து, பேச்சியம்மாவின் பெயருக்கு நேரே சிங்களம் என்றிருந்ததை வெட்டினார்.