முகம் தெரிகிற வேஷம்

மேக்கப் போடுகிற பெண் பவுடர் பஞ்சை மூக்கருகே கொண்டுவந்ததும் குரதானி எய்ஜி மூச்சை அடக்கிக்கொண்டார். ரப்பர் தலையை மாட்டப்போகிறார்கள் என்று அவர் உடம்பு நினைத்துவிட்டது. "மூச்சு விடுங்க சார், வெறும் பவுடர்தான்" என்று அந்தப் பெண் சிரித்தாள். அவரும் சிரித்துவைத்தார். ஐம்பத்தோரு வயதில், சினிமாவுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் கழித்து, முதன்முறையாக அவர் முகத்துக்குப் பவுடர் போடுகிறார்கள். கடலோர விடுதி ஒன்றின் பின்கட்டு அறையில் உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே மார்கழிக் குளிரில் அலை சாம்பல் நிறத்தில் அடித்துக்கொண்டிருந்தது. இன்னும் அரை மணியில் அவர் கிழட்டுப் படகோட்டியாகக் கரையில் நின்று, கதாநாயகனைப் பார்த்து இரண்டு வரி சொல்லவேண்டும். அந்த இரண்டு வரிக்காக மூன்று வாரமாக அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அதுவரை அவருக்கு யாரும் வரி கொடுத்ததில்லை. அவர் டோமுரான். கடலுக்கடியிலிருந்து எழுந்து வந்து டோக்கியோவை மிதிக்கிற ராட்சதப் பல்லி. பதினோரு படம். நடுவில் ஒரு நண்டு, ஒரு பனிக்குரங்கு, தயாரிப்பாளருக்கே இன்னதென்று தெரியாத ஏதோ ஒரு களிமண் பிண்டம். எல்லாவற்றுக்கும் உள்ளே இருந்தது இவர்தான். ரப்பர் உடம்பு அறுபது கிலோ. முதுகில் ஜிப்பை இழுத்து மூடினால் மூன்று நிமிஷம்தான் தாங்கும். கழற்றியதும் கால் பகுதியைக் கவிழ்த்தால் வியர்வை வாளி வாளியாகக் கொட்டும். உப்பை நக்கிக்கொண்டு அடுத்த ஷாட்டுக்குப் போய்விடுவார். டோமுரானின் கண்கள் மேலே பல்பாக எரியும். ஆளின் கண்கள் இருப்பதோ அதன் தொண்டையில். அங்கே பொடிப்பொடியாகப் பத்துப் பன்னிரண்டு துளைகள் இருக்கும். வேஷம் முன்பக்கம் சாய்ந்து தொங்குவதால் மோவாயை நன்றாகத் தூக்கினால்தான் கண் அந்தத் துளைக்கு எட்டும். உலகத்தை அவர் பெரும்பாலும் அப்படித்தான் பார்த்திருக்கிறார்.

படத்தின் தொடக்கத்தில் எல்லார் பெயரும் ஓடும். டோமுரான் என்று தனியாக, பெரிதாகப் போடுவார்கள். ஆள் பெயர் வராது. வேஷத்தில் இருக்கும்போது பிள்ளைகள் கண்ணில் படுகிற இடத்தில் தலையைக் கழற்றக்கூடாது என்பது ஸ்டுடியோவின் கட்டளை. எய்ஜி அதை ஒருநாளும் மீறியதில்லை. மயக்கம் போட்டு விழுந்த இரண்டு தடவையும் தலையோடுதான் தூக்கிக்கொண்டு போனார்கள். அதில் அவருக்குப் பெருமைகூட உண்டு. அந்தப் பெருமையை வைத்து மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க முடியாது என்பது மூன்று வாரத்துக்கு முன்புதான் உறைத்தது.

மாப்பிள்ளை குனியோவின் அப்பா ஒகிமோட்டோ, கவாகோயே ஊரில் தலைமை ஆசிரியர். நல்ல மனுஷன், குரலை உயர்த்திப் பேசமாட்டார். இரண்டு குடும்பமும் சேர்ந்து சாப்பிட்ட அன்று உப்பிட்டுச் சுட்ட மீனை முள் முள்ளாகப் பிரித்துக்கொண்டே கேட்டார்.

"சம்பந்தி சினிமாவுல இருக்கறதா குனியோ சொன்னான். எந்தப் படம்னு சொன்னா நாங்களும் பார்ப்போம்."

"சின்னச் சின்ன வேஷந்தாங்க" என்றார் எய்ஜி.

"வேஷத்துல சின்னது பெரிசு ஏதுங்க? பார்த்தா முகம் தெரிஞ்சுடும். ஆனா ஒண்ணு, இந்த ராட்சசப் படம் மட்டும் எனக்கு ஆகாது. பசங்களைக் கெடுத்துக் குட்டிச்சுவராக்கிடுச்சு. படம் போட்ட அட்டைங்களை வகுப்புல ஒளிச்சு வச்சுப் பாக்கறானுங்க, பிடுங்கிப் பிடுங்கி என் மேஜை டிராயரே நிறைஞ்சு போச்சு. அந்த டோமுரான் அட்டை மட்டும் முந்நூறு இருக்கும்!"

எல்லாரும் சிரித்தார்கள். எய்ஜியின் மனைவி ஃபுமியும் சிரித்தாள், வேறு வழியில்லாமல். மகள் சிசுரு மட்டும் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

திரும்பும் ரயிலில் அவளாகவே பேச்சை எடுத்தாள்.

"நான் பள்ளிக்கூடத்துலேயும் சொல்லல, ஆபீஸ்லேயும் சொல்லல. இவங்க வீட்லேயும் சொல்லப்போறதில்ல. நீங்களும் சொல்லாதீங்க."

"நான் எங்கம்மா சொன்னேன்?"

"உயேனோ கடை மொட்டை மாடி ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

இருந்தது. சிசுருவுக்கு அப்போது ஏழு வயது. கடையின் மாடியில் டோமுரான் நேரில் வருகிறது என்று அவள் வகுப்பையே கூட்டி வந்திருந்தார்கள். தொண்டைத் துளை வழியாக மகளைப் பார்த்தார். முன்வரிசையில் நின்று, பயத்தில் பாவாடையை நனைத்துக்கொண்டு வீறிட்டு அழுதாள். பக்கத்துப் பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள்.

"உள்ளே இருந்தது நீங்கதான்னு அடுத்த வருஷம் அம்மா சொல்லித்தான் தெரியும். நான்னு தெரிஞ்சுதான உறுமினீங்க?"

"மத்தப் பிள்ளைங்க இருந்தாங்களேம்மா" என்றார் எய்ஜி.

அந்தப் பதில் எவ்வளவு கேவலமானது என்று சொல்லிமுடித்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

மறுநாளே நாகோஷியைத் தேடிப் போனார். ஒரு காலத்தில் ராட்சதப் படங்களில் உதவி இயக்குநராக இருந்து எய்ஜியின் முதுகு ஜிப்பை இழுத்துவிட்டவன். இப்போது வெளிநாட்டு விழாக்களுக்கெல்லாம் படம் அனுப்புகிற பெரிய ஆள். எய்ஜி வாழ்க்கையில் யாரிடமும் வாய்விட்டு வேஷம் கேட்டதில்லை, அன்றைக்குக் கேட்டார். "முகம் தெரியணும், அவ்வளவுதான். ஒரு தடவை." நாகோஷி நெகிழ்ந்துபோய்விட்டான். "அண்ணே, நீங்க கேட்டு நான் இல்லேன்னு சொல்வேனா?" என்று அந்தப் படகோட்டியைத் தூக்கிக் கொடுத்தான். சிசுருவிடம் சொன்னபோது அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "நிச்சயமா முகம் தெரியுமா?" தெரியும் என்றார். அன்றே அவள் கவாகோயேக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டாள்.

அதனால்தான் பவுடர், அதனால்தான் இந்தக் கடற்கரை.

முதல் ஷாட்டில் நாகோஷி "ஸ்டார்ட்" என்றதும் எய்ஜி கால்களை அகட்டி, மணலை மிதித்து, தோளை உருட்டிக்கொண்டு வந்தார். கதாநாயகன் உண்மையாகவே ஓர் அடி பின்வாங்கினான். எல்லாரும் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். "அண்ணே, ஊரை அழிக்க வேண்டாம், சும்மா நடந்து வாங்க போதும்" என்றான் நாகோஷி. அடுத்ததில் சும்மா நடந்து வந்தார். நின்றார். வரியையும் சொன்னார்: "அந்தம்மா நேத்தே படகேறிப் போயிட்டாங்க தம்பி. திரும்பி வர்ற மாதிரி தெரியல." குரல்கூட நன்றாகவே வந்தது.

"நல்லா இருக்கு. ஆனா ஏன் வானத்தைப் பாத்துச் சொல்றீங்க?"

"அவரைத்தானே பாத்தேன்."

"மோவாய் மேலே போகுதுண்ணே."

எய்ஜிக்கு அது தெரியவே இல்லை. அடுத்த தடவையும் போனது. நாகோஷி பக்கத்தில் வந்து, ஒரு விரலால் மோவாயைக் கீழே அழுத்திவிட்டுப் போனான். மூன்றாவது, நான்காவது, எல்லாவற்றிலும் அதே கதைதான். பேசுவதற்கு எதிரே ஓர் ஆள் வந்து நின்றால் போதும், கழுத்து தானாக எழும்பி, அங்கே இல்லாத துளையைத் தேடியது. கீழே பிடித்துவைக்க முயன்றால் தாடை நடுங்கியது, வரி மறந்துபோனது. ஏழாவது ஷாட்டில் கதாநாயகன் கடிகாரத்தைப் பார்த்தான். அவனுக்கு நான்கு மணிக்கு ரயில். மேக்கப் பெண் வந்து வியர்வையை ஒற்றினாள். அந்தக் குளிரிலும் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. இத்தனை வருஷம் கட்டடங்களை நொறுக்கிய ஆளுக்குத் தன் தாடையை இரண்டு அங்குலம் கீழே வைத்துக்கொள்ள முடியவில்லையே என்று அவமானமாக இருந்தது. ஓவென்று கத்திவிடலாம் போல இருந்தது.

பத்தாவதுக்குப் பிறகு நாகோஷி அவரைத் திருத்துவதை நிறுத்திவிட்டான். ஒளிப்பதிவாளரிடம் ஏதோ தாழ்ந்த குரலில் பேசினான். கேமராவைத் தூக்கி எய்ஜியின் பின்பக்கம் வைத்தார்கள்.

"ஒண்ணு பின்னாலேருந்தும் எடுத்து வச்சுக்கறேண்ணே. ஒரு பாதுகாப்புக்கு."

பின்னாலிருந்து எடுத்தது ஒரே தடவையில் முடிந்தது. தோளை மெல்லத் தொங்கவிட்டு, படகின் விளிம்பில் கை வைத்து, அந்தப் பெண் போன திசைக்கு லேசாகத் திரும்பினார். தளத்தில் எல்லாரும் கைதட்டினார்கள். "அந்த முதுகு இருக்கே, அது பேசுதுண்ணே!" என்று நாகோஷி அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது. எந்த ஷாட்டை வைக்கப்போகிறாய் என்று கேட்கவேண்டியது இவர். கேட்கவில்லை. கேட்டால் அவன் பதில் சொல்லிவிடுவான் என்ற பயம்தான்.

"நல்லா வந்துச்சா?" என்றாள் ஃபுமி வீட்டில்.

"கைதட்டினாங்க."

"அடேயப்பா, நம்ம பல்லிக்கு வந்த வாழ்வைப் பாரு" என்று அவள் மிசோ சூப்பை நீட்டினாள். சிசுருவும் அன்றைக்குச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கெடுக்க அவருக்கு மனசு வரவில்லை.

நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கவாகோயேயில் காலைக் காட்சி. தலைமை ஆசிரியர் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவர் மனைவி நல்ல கிமோனோ கட்டியிருந்தாள். ஒரு பக்கம் அவர்கள், நடுவில் குனியோவும் சிசுருவும், அடுத்து ஃபுமி, கடைசி இருக்கையில் எய்ஜி. பெயர்கள் ஓடியபோது எட்டுப் பெயர் கொண்ட வரிசையில் குரதானி எய்ஜி என்று வந்தது. தலைமை ஆசிரியர் முன்னால் குனிந்து, அத்தனை பேரையும் தாண்டி எய்ஜியைப் பார்த்துத் தலையசைத்தார். ஒருவேளை, ஒருவேளை என்று எய்ஜியின் மனசு அடித்துக்கொண்டது.

கடற்கரை வந்தது. வைக்கோல் கோட்டு போட்ட ஒரு முதுகு. படகின் விளிம்பில் ஒரு கை. "அந்தம்மா நேத்தே படகேறிப் போயிட்டாங்க தம்பி" என்று, யாரோ பழுத்த கிழவரின் குரல், அழகாகக் கரகரத்தது. எய்ஜியின் குரல் இல்லை. கதாநாயகனின் முகம் கலங்குவதைக் காட்டினார்கள். அவ்வளவுதான். ஃபுமி இருட்டில் அவர் முழங்கையைப் பிடித்து, பிறகு விட்டுவிட்டாள். சிசுரு அசையவே இல்லை. அவளுக்கு அந்த முதுகு தெரியும். காலையில் வேலைக்குப் போவதையும் சாயங்காலம் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பதையும் பிறந்ததிலிருந்து பார்த்தவள். அந்தப் பக்கம் தலைமை ஆசிரியர் மட்டும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இமைக்காமல், சம்பந்தி எப்போது வருவார் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், ஒவ்வொரு கிழவன் வரும்போதும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

அரை மணி நேரம் கழித்து ஒரு சாராயக்கடை. மூலையில் தாடி வைத்த கிழவர் ஒருவர் கதாநாயகனுக்குக் கிண்ணத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அழுதார். திரை முழுக்க அந்த முகம். கண்ணீர் சுருக்கங்களில் இறங்கித் தாடிக்குள் போனது.

"சிசுரு, அப்பா எப்ப வருவாங்க?" என்று மாமியார் கிசுகிசுத்தாள்.

"இதோ" என்றாள் சிசுரு. திரையை நோக்கிக் கையை நீட்டினாள். "இவங்கதான். தாடி ஒட்டியிருக்காங்க."

எய்ஜிக்குத் தெளிவாகக் கேட்டது. ஃபுமி கண்ணை மூடிக்கொண்டாள். அந்தம்மா "ஐயோ" என்று கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள்.

வெளிக்கூடத்து வெளிச்சத்தில் கண் கூசியது. தலைமை ஆசிரியர் நேராக வந்து இடுப்பு வளையக் குனிந்தார்.

"சம்பந்தி! ஆளே அடையாளம் தெரியல. முகத்தையே மாத்திட்டீங்களே! சின்ன வேஷம்னு சொன்னீங்க. நான் இத்தனை வயசுல சினிமா பாத்து அழுததில்ல. அது மருந்து போட்டு வரவழைக்கிற கண்ணீரா?"

எய்ஜி மகளைப் பார்த்தார். மன்னிச்சிடுங்கப்பா என்று கெஞ்சும் முகத்தை எதிர்பார்த்திருந்தார். அவள் முகத்தில் கெஞ்சல் இல்லை. சொல்லுங்க என்று அதட்டுகிற பார்வைதான் இருந்தது.

"இல்லீங்க" என்றார். "சொந்தக் கண்ணீர்தான்."

"பாத்தியா, நான் சொல்லல?" என்று தலைமை ஆசிரியர் மனைவியின் பக்கம் திரும்பினார். வாசலில் விற்ற படப் புத்தகத்தை அவர் வாங்கி வைத்திருந்தார். பக்கத்தைப் புரட்டி, சாராயக்கடைக் கிழவரின் படம் இருந்த இடத்தைத் தேடிப் பிடித்து, ஜன்னல் திண்டின்மேல் விரித்துவைத்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி, இரண்டு கையாலும் நீட்டினார். "பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் காட்டணும். முகத்துக்குக் கீழேயே போடுங்க."

எய்ஜி குனிந்தார். அந்தக் கிழவர் யாரென்று அவருக்குத் தெரியாது, பெயர்கூடத் தெரியாது. நல்ல நடிகர். வழவழப்பான தாள் திண்டின்மேல் நிற்காமல் சுருண்டு சுருண்டு எழும்பியது. சிசுரு பக்கத்தில் வந்து, அப்பா கையெழுத்துப் போட வசதியாக, அதன் மூலையை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.