மணலில் ஓட்டிய கப்பல்

கார்த்தேஜை வெல்லப் போகும் ரோமாபுரிக் கடற்படை மணலில் உட்கார்ந்திருந்தது. தச்சர்கள் இன்னும் கப்பல்களைக் கட்டி முடிக்கவில்லை. அதுவரை சும்மா இருப்பானேன் என்று அதிகாரிகள் கடற்கரையில் வரிசையாகப் பலகை போட்டு, மலைநாட்டு விவசாயிகளின் கையில் துடுப்பைக் கொடுத்துக் காற்றை வலிக்கவைத்தார்கள்.

பாலாடைக்கட்டி மூட்டையோடு புருஷன் ஓவியஸைப் பார்க்க வந்த சால்வியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏன்யா, நீ கப்பல் ஓட்டுறேன்னு ஊரு பூரா சொல்லி வச்சிருக்கேன். நீ என்னடான்னா நண்டுக்கு விசிறிக்கிட்டிருக்க."

ஓவியஸுக்குச் சிரிப்பு வரவில்லை. தாளம் சொல்பவன் தொண்டை கிழியக் கத்தியும் அவன் ஒவ்வொரு முறையும் பிந்தினான். கடலில் ஒருவன் பிந்தினால் துடுப்புகள் சிக்கும், கப்பல் நிற்கும், எதிரி வந்து இடிப்பான். அவனுக்கோ நீச்சல் தெரியாது. அவன் இதைச் சொன்னதும் சால்வியாவின் சிரிப்பு நின்றது. அவன் மறுபடி துடுப்பை வலிக்க, அவன் கைகளையே பார்த்தாள்.

"நீ தள்ளுற. நாம ரெண்டு பேரும் ஆளுக்கொரு முனையப் பிடிச்சு மரம் அறுக்கையில தள்ளுவமா? தள்ளுனா ரம்பம் மடங்கிரும். இழு, விட்டுரு. கண்ண மூடிக்க, அந்தப் பக்கம் நான் இருக்கேன்னு நெனச்சுக்க."

அவன் பின்னால் குந்திக்கொண்டு, இழு, விடு என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளை விரட்ட வந்த தாளக்காரன், உச்சிவேளைக்குள் ஓவியஸின் துடுப்பு வரிசையோடு சேர்ந்துவிட்டதைப் பார்த்துத் தன் இடத்துக்குத் திரும்பிப் போனான்.

கப்பல்கள் தயாராகி, மைலே என்ற ஊரை ஒட்டிய கடலில் போர் மூண்டபோது, கார்த்தேஜ்காரர்கள் விருந்துக்கு வருவதுபோல அணிவகுக்காமலேயே வந்தார்கள். ரோமாபுரிக் கப்பல்களிலிருந்து பாலங்கள் தடாலென்று சாய்ந்தன. அவற்றின் நுனியிலிருந்த இரும்பு அலகு எதிரியின் தளத்தைக் கவ்வியது. வீரர்கள் தரையில் ஓடுவதுபோல ஓடிப் பாய்ந்தார்கள். ஓவியஸ் இதில் ஒன்றையும் பார்க்கவில்லை. கீழ்த்தட்டில் கண்ணைத் திறந்தபோதெல்லாம் முன்னால் உட்கார்ந்து துடுப்பு வலித்த த்ரெபியஸின் முதுகுதான் தெரிந்தது.

திராட்சை அறுவடைக்கு அவன் ஊர் திரும்பினான். கடற்போர் எப்படி இருந்தது என்று ஊரே கூடிக் கேட்டது.

"த்ரெபியஸ் முதுகுல மூணு மச்சம் இருக்கு," என்றான்.

ஊர் ஏமாந்து கலைந்தது. சால்வியா மட்டும் நின்றாள்.

"பிந்துனியா?"

"ஒரு தடவகூட இல்ல."

அவள் சட்டென்று திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சுவரோரம் கிடந்த ரம்பத்தை எடுத்து, ஒரு முனையை அவனிடம் நீட்டினாள்.

"பிடி. நீ போனதுலேர்ந்து இத நான் ஒத்தையாத்தான் இழுத்துக்கிட்டிருக்கேன்."