முன்னும் பின்னும் முப்பத்தொன்று

அலுவலகத்தில் அவளுக்குப் புள்ளியக்கா என்று பெயர். முதலில் யார் அப்படிக் கூப்பிட்டார்கள் என்று அவளுக்கே நினைவில்லை. பதினோரு வருடமாகக் காலை எட்டு மணிக்கு வந்து உட்கார்ந்து, சாயங்காலம் வரை கணினித் திரையில் புள்ளிகளைப் பார்க்கிறவளை வேறு என்னவென்று கூப்பிடுவார்கள், சொல்லுங்கள்.

ஒவ்வொரு புள்ளியும் ஒரு துருவ மான். பூமியின் உச்சந்தலையில் ஒரு தீவு. கோடை முழுக்க அங்கே மேய்கிற மான்கள், குளிர் வந்து கடல் உறைந்ததும் அந்தப் பனிக்கட்டியின் மேலேயே நடந்து எதிர்க்கரைக்குப் போய்விடும். அந்தக் கூட்டத்தில் நாற்பது மான்களுக்குக் கழுத்துப்பட்டை மாட்டியிருந்தார்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பட்டை, தான் இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோளுக்குச் சொல்லும். அது புள்ளியாகப் புள்ளியக்காவின் திரையில் வந்து விழும். ஒரு பட்டைக்குப் பின்னால் பட்டையில்லாத நூறு மான்கள் நடக்கின்றன என்று வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். புள்ளியக்கா இதில் ஒரு மானைக்கூட நேரில் பார்த்ததில்லை. பனி என்றால் அவளுக்கு வீட்டுக் குளிர்பெட்டியில் மேல்தட்டில் படிகிறதுதான்.

அவள் வேலை இரண்டு. வருடத்துக்கு ஒருமுறை, தீவுக்கும் கரைக்கும் நடுவில் கப்பல்கள் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை போகக் கூடாது என்று ஒரு படிவத்தில் எழுதிக் கொடுப்பது. கப்பல் பனியை உடைத்துக்கொண்டு போனால் மான்களுக்குப் பாதை ஏது? அந்தப் படிவத்தை வாங்கிக் கடல் வழியைத் திறந்து மூடுகிற கப்பல் துறை அதிகாரிக்கு இவர்கள் வைத்த பெயர் கதவுக்காரர். இத்தனை வருடத்தில் அவருடைய குரல்தான் இவர்களுக்குத் தெரியும், முகம் தெரியாது.

இன்னொன்று தினப்படி வேலை, பிசிறு நீக்குவது. பட்டை சில நேரம் தப்பாகச் சொல்லும். மான் போகிற திசைக்கு எதிராக ஒரு புள்ளி விழும், பிறகு மறுபடி முன்னால் விழும். வலசை போகிற மான் திரும்பி நடக்காது. அதனால் முன்னும் பின்னுமாக விழுகிற புள்ளியும், வழக்கமான பாதையை விட்டு விலகி விழுகிற புள்ளியும் பிசிறு. இந்த விதியை எழுதியதே புள்ளியக்காதான், வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். கணினி அவற்றைச் சிவப்பாகக் காட்டி, ‘பிசிறு, நீக்கவா?’ என்று கேட்கும். அவள் ஒரு விசையைத் தட்டுவாள். அத்தனையும் மறைந்துபோகும். மிச்சம் இருக்கிற நல்ல புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்துக் கணினியே பாதையைப் போட்டுவிடும். வகிடு எடுத்தது போல அவ்வளவு அழகாக இருக்கும் அந்தக் கோடு. காலைத் தேநீருக்கு முன்னால் முடிந்துவிடும் வேலை.

அந்தத் தேநீர்தான் வினையாக வந்தது. நவம்பர் மாதம் ஒருநாள் கோப்பை சாய்ந்து, தேநீர் விசைப்பலகைக்குள் இறங்கிவிட்டது. மற்ற விசைகள் பிழைத்துக்கொண்டன. பிசிறு நீக்குகிற விசை மட்டும் அமுங்கிய இடத்திலேயே படுத்துவிட்டது. புதியது கேட்டு எழுதினாள். அது வருகிற வேகத்தில் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு புள்ளியாகச் சுட்டியால் அழிக்கலாம்தான். யாருக்குப் பொறுமை? வந்ததும் மொத்தமாகத் தட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

டிசம்பர் ஏழாம் தேதி காலையில் திரையைத் திறந்தபோது தீவின் தென்கரை முழுக்கச் சிவப்பாக இருந்தது. குழந்தை கையில் பேனாவைக் கொடுத்தால் சுவரில் இழுக்குமே, அந்த மாதிரிக் கிறுக்கல். முப்பத்தொன்றாம் எண் பட்டையின் புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து ஒரு முடிச்சாகவே ஆகிவிட்டன. இவ்வளவு பிசிறா? பட்டை செய்கிறவர்களைக் கூப்பிட்டுக் கேட்டாள். எல்லாப் பட்டையும் ஒழுங்காக இருக்கிறது, பேட்டரியும் நிறைந்திருக்கிறது என்றார்கள். அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. படிவத்தின்படி மூன்று நாளில், பத்தாம் தேதி, கப்பல் வழி திறக்க வேண்டும். அதற்குள் மான்கள் கடந்திருக்க வேண்டும். கடந்த மாதிரி ஒரு புள்ளியும் இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் சாப்பிடும்போதும் அவளுக்கு அதே ஞாபகம். நாத்தனார் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். நாள் முழுக்க ஹாரன் கேட்டுக் கேட்டுக் கொஞ்சம் உரக்கப் பேசுவாள். தட்டில் விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்த அண்ணியைப் பார்த்து, சோற்றிலும் புள்ளி வைக்கிறாயா என்று கேலி செய்தாள். புள்ளியக்கா விஷயத்தைச் சொன்னாள். முன்னே போகிறது, பின்னே வருகிறது, மறுபடி முன்னே போகிறது, இப்படி எந்த மானாவது நடக்குமா என்று கேட்டாள்.

“மானைப் பத்தி எனக்கு என்ன தெரியும், அண்ணி? மனுஷங்களைத் தெரியும்,” என்றாள் நாத்தனார். “சிக்னல் இல்லாத ரோட்டுல ஓரமா ஒருத்தன் நிப்பான். ரெண்டு அடி வைப்பான், பஸ்ஸைப் பார்த்துட்டுப் பின்னால போவான். மறுபடி வைப்பான். அவன் என்ன வழி தெரியாதவனா? கடக்கணும், கடக்க முடியல. அவ்வளவுதான்.”

புள்ளியக்கா கையைக் கழுவப் போனவள் குழாயடியிலேயே வெகுநேரம் நின்றாள்.

மறுநாள் ஏழு மணிக்கே அலுவலகம் போனாள். நீக்கிய பிசிறெல்லாம் ஒரேயடியாகப் போய்விடுவதில்லை. கணினியின் கிடங்கில் ஆறு வருடம் வரை கிடக்கும். ஆறு வருடத்துப் பிசிறையும் ஒவ்வொன்றாக எடுத்துத் திரையில் போட்டாள். ஆறு வருடத்துக்கு முன்னால் கரையோரக் கிறுக்கல் நகத்தளவு. அடுத்த வருடம் விரலளவு. போன வருடம் ஒரு சாண். கடல் உறைவது வருடா வருடம் தள்ளிக்கொண்டே போயிருக்கிறது. மான்கள் வந்து, தண்ணீரைப் பார்த்து, நடந்து, திரும்பி, மறுபடி வந்து பார்த்திருக்கின்றன. போன வருடம் அவை உண்மையில் பனியில் இறங்கியது டிசம்பர் பதினேழில். அவளுடைய கோடு சொன்னது நவம்பர் கடைசி. காத்திருந்த நாட்களையெல்லாம் அவள் அழித்துவிட்டிருக்க, கணினி இந்தப் பக்கத்துப் புள்ளியையும் அந்தப் பக்கத்துப் புள்ளியையும் சேர்த்து, நடுவில் அவை நிம்மதியாக நடந்துபோனதாகக் கோடு போட்டிருக்கிறது. மான் நடந்த பாதை என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தது அவளே கிழித்த கோடு.

அத்தோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. போன வருடம் டிசம்பர் பதினேழுக்குப் பிறகு, கப்பல் வழி திறந்திருந்த நாட்களில், நடுக்கடலில் மூன்று பட்டைகளின் புள்ளிகள் நின்றுபோயிருந்தன. பக்கத்தில் குறிப்பு இருந்தது: ‘பட்டை பழுது’. எழுதியது அவள்தான்.

அவள் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள். பிறகு எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் மூடினாள்.

மேலாளர் நல்ல மனிதர். கெட்ட செய்தி கேட்டால் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். அன்று வெகுநேரம் துடைத்தார். ஆறு வருடமாகத் தப்பு என்று வெளியே சொல்ல முடியுமா, அடுத்த வருடத்திலிருந்து திருத்திக்கொள்ளலாமே என்று இழுத்தார். அடுத்த வருடம் சரி, நாளை மறுநாள் கப்பல் போகிறதே என்று அவள் கேட்டாள். அப்படியானால் புதுத் தேதியைச் சொல்லுங்கள் என்றார். அங்கேதான் அவள் மாட்டிக்கொண்டாள். புதுத் தேதி அவளிடம் இல்லை. பழையது பொய் என்பது மட்டும் தெரியும். பதினேழா, இருபதா? கடல் எப்போது உறையும் என்று கரையில் நிற்கிற மானுக்கே தெரியவில்லை. இவளுக்கு எங்கே தெரியும்?

படிவத்தில், எந்தத் தேதி வரை என்ற கட்டத்தில், ‘தெரியவில்லை, தினமும் காலையில் சொல்கிறேன்’ என்று எழுதி அனுப்பினாள்.

பத்து நிமிடத்தில் கதவுக்காரர் கூப்பிட்டார்.

“என்னம்மா இது? பதினோரு வருஷமா தேதி குடுத்தீங்க. இப்ப தெரியலைங்கிறீங்க.”

“பதினோரு வருஷமும் தெரியாமத்தான் குடுத்திருக்கேன், சார். அதுவே இன்னைக்குத்தான் தெரிஞ்சுது.”

அவர் கோபப்படாமலேயே சொன்னார். அந்த வழியின் கோடியில் ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அவர்கள் வீடுகளைச் சூடாக்குகிற எண்ணெய் இந்தக் கப்பலில்தான் போகிறது. இருப்பு இன்னும் பத்து நாளைக்குத்தான் வரும். மானுக்குக் குளிரைத் தாங்குகிற தோல் இருக்கிறது, அந்த ஊர்க் குழந்தைகளுக்கு இல்லை. பதினான்காம் தேதி மதியம் பன்னிரண்டு வரை நிறுத்தி வைக்கிறேன், அதற்குமேல் என்னைக் கேட்காதீர்கள் என்றார். இத்தனை வருடத்தில் கப்பலில் என்ன போகிறது என்று அவள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அதன்பின் தினமும் ஏழு மணிக்கு வந்தாள். பத்தாம் தேதி, அதே கிறுக்கல். பதினொன்றும் அப்படியே. பன்னிரண்டாம் தேதி காலை தென்கரை கிட்டத்தட்டக் காலியாக இருந்தது. தேடினால், ஏறக்குறைய எல்லாப் புள்ளிகளும் கரையோரமாகவே கிழக்கே வெகுதூரம் போயிருந்தன. அங்கே கடல் குறுகுகிறது. சீக்கிரம் உறைந்திருக்கும் போல. பதின்மூன்றாம் தேதி சாயங்காலத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாக எதிர்க்கரையில் ஏறிவிட்டன. கப்பல் போகிற வழிக்கும் அந்த இடத்துக்கும் சம்பந்தமே இல்லை. எந்த வருடத்துக் கிறுக்கலிலும் அப்படி ஒரு பாதை கிடையாது. கணினி முப்பத்தொன்பது பட்டைகளையும் சிவப்பாகக் காட்டி, பிசிறு, நீக்கவா என்று கேட்டது.

மேலாளர் வந்து பார்த்துவிட்டு, அப்படியானால் கப்பலை வீணாகத்தான் நிறுத்தினோமா என்று கேட்டார். அதற்கும் அவளால் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியவில்லை. ஏனென்றால் முப்பத்தொன்று போகவில்லை. பழைய இடத்தில், கப்பல் வழிக்கு நேர் எதிரே, அதே முடிச்சுக்குள் இரண்டு நாளாக அசையாமல் நின்றது. அதை மட்டும் கணினி பச்சையாகக் காட்டியது. பழைய பாதையை விட்டு விலகாததால் அதுதான் சரியான பாதையாம்.

பதினான்காம் தேதி எட்டு மணிப் புள்ளியில் முப்பத்தொன்று பனியில் இறங்கியிருந்தது. பன்னிரண்டு மணிப் புள்ளி நடுவழிக்குச் சற்றுத் தீவுப் பக்கமாக விழுந்தது. அவளே கூப்பிட்டாள்.

“ஒண்ணுதானே, அம்மா?” என்றார் கதவுக்காரர்.

“பட்டை ஒண்ணு. பின்னால யாருமே இல்லையா, நூறு நிக்குதான்னு பட்டை சொல்லாது, சார்.”

“நாலு மணி நேரம். அடுத்த புள்ளி வரைக்கும். அப்புறம் நீங்க கூப்பிடாதீங்க, நானும் எடுக்க மாட்டேன்.”

அந்த நான்கு மணி நேரத்தில் அவள் மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்தாள். மூடியில்லாத ஏழு பேனாக்கள் கிடைத்தன. மேலாளர் இரண்டு முறை வந்து, கேட்காமலேயே திரும்பிப் போனார். நான்கு மணிக்குப் புள்ளி விழுந்தது. அவள் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். புள்ளி தீவின் கரையில் இருந்தது. கிளம்பிய அதே இடம்.

கூப்பிடக் கூடாது என்று சொல்லியிருந்தும் கூப்பிட்டாள். எடுக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தும் அவர் எடுத்தார்.

“திரும்பிடுச்சு, சார். கரைக்கு வந்துடுச்சு.”

“ஏன்?”

“தெரியலை.”

“பனி தாங்கலையோ?”

“இருக்கலாம். மத்ததுங்களைக் காணோம்னும் இருக்கலாம். தெரியலை, சார்.”

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. கப்பலை அனுப்புகிறேன் என்றார். அனுப்புங்கள் என்றாள். வேறு என்ன சொல்ல? பனியின் மேல் இப்போது யாரும் இல்லை என்றுதான் நினைத்தாள். யாரும் இல்லாமல் இருக்க வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை மேசையில் புது விசைப்பலகை உறை பிரிக்காமல் காத்திருந்தது. மாட்டித் திரையைத் திறந்தாள். கப்பல் இரவோடு இரவாக அந்த வழியைப் பிளந்துகொண்டு போயிருந்தது. முப்பத்தொன்றின் எட்டு மணிப் புள்ளி முடிச்சை விட்டு வெளியே வந்திருந்தது. கரையோரமாக, கிழக்கே, ஒரு விரற்கடை தூரம். மற்றவற்றைத் தேடிப் போகிறதா, சும்மா நடந்து பார்க்கிறதா? நாளைக்குத் திரும்பிவிடுமா? புள்ளியக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

பச்சையாக இருந்த முப்பத்தொன்று இப்போது சிவந்திருந்தது. கணினி கேட்டது: ‘பிசிறு, நீக்கவா?’

புது விசை விரலுக்கு மெத்தென்று இருந்தது. அவள் அதைத் தட்டவில்லை. தேநீர்க் கோப்பையை எட்டி மேசையின் அந்தக் கோடியில் நகர்த்தி வைத்துவிட்டு, பன்னிரண்டு மணிப் புள்ளிக்காக உட்கார்ந்தாள்.