வெளியோரம் தேய்ந்த டயர்கள்

எடைப் பலகைகளின் மேல் நின்ற காருக்குள் காந்திமதிநாதன் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார் என்பது டயர்ப் பட்டறை ஸ்டெபி சொன்னது. அவளுடைய அண்ணன் எட்வின் முக்கால் மணி நேரம்தான் என்கிறான். காந்திமதிநாதனிடமே கேட்டேன். "உக்காந்திருந்தேன். அதுவரைக்கும் நிச்சயம்" என்றார். ஆக, நேரக் கணக்கில் என்னை நம்ப வேண்டாம். மாதம் புரட்டாசி என்று நினைக்கிறேன், ஆவணியாகவும் இருக்கலாம். டயர் விஷயத்தில் மட்டும் பிசகு இருக்காது. அந்தப் பழைய டயர்களை நானே தடவிப் பார்த்திருக்கிறேன்.

காந்திமதிநாதன் சார்பதிவாளர். பாளையங்கோட்டை மகாராஜநகரில் வீடு, ஐம்பத்திரண்டு வயது, தொண்ணூற்றிரண்டு கிலோ. எந்தச் சொத்து யார் பெயரில் இருக்கிறது என்று பார்ப்பதே பகல் முழுவதும் அவருக்கு வேலை. மூலப்பத்திரம் காட்டாதவன் கடவுளே ஆனாலும் வெளி பெஞ்சில்தான் உட்கார வேண்டும். அப்படிப்பட்டவர் ஒரு சித்திரையில் திடீரென்று ஒரு சிவப்புக் காரை வாங்கி வந்தார். சின்ன உடம்பு, டர்போ எஞ்சின், நூற்றைம்பது குதிரை சக்தி. ஏன் வாங்கினார் என்று அலுவலகத்தில் யாருக்கும் புரியவில்லை. அவருக்கும் புரிந்ததா தெரியாது. ஷோரூம் கண்ணாடிக்குப் பின்னால் அது குனிந்து நின்ற விதம் பிடித்திருந்தது. மனைவி சுகிர்தாவிடம் சொன்னபோது அவள், "வாங்குங்களேன்" என்று உடனே சொன்னதுதான் ஆச்சரியம். கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவள், மிக்சி வாங்கவே மூன்று வாரம் யோசிக்கிறவள்.

அந்தக் காரை அவர் ஐம்பதுக்கு மேல் ஓட்டியதில்லை. சமாதானபுரம் தாண்டும்போது பால்காரரின் மொபெட் அவரை முந்திப் போகும். அவர் அதற்காக வருந்தியதும் இல்லை. ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை சுகிர்தா காரை எடுத்துக்கொண்டு புனலூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்வருவாள். மலைவளைவு என்றாலே அவருக்கு வயிற்றைப் புரட்டும் என்பதால் அவர் கூடப் போவதில்லை.

பதினெட்டாயிரம் கிலோமீட்டர் ஆனபோது டயர் மாற்றலாம் என்று வண்ணார்பேட்டை பைபாஸ் ஓரத்தில் இருந்த எட்வின் பட்டறைக்குப் போனார். எட்வினின் ஊர் மணப்பாடு. வீட்டில் எல்லோரும் படகு எஞ்சினோடு புழங்குகிறவர்கள். இவன் ஒருவன் மட்டும் கரையேறி வந்து காரின் ஸ்பிரிங்கையும் ஷாக்கப்சரையும் கட்டிக்கொண்டு அழுகிறான் என்று ஸ்டெபி சொல்வாள். அலைன்மெண்ட் பார்க்கும் கம்ப்யூட்டர் அவள் பொறுப்பு.

எட்வின் முன்சக்கரத்தைக் கழற்றிப் போட்டு, குத்தவைத்து, உள்ளங்கையால் தடவினான். பிறகு மற்றதையும் தடவினான்.

"சார், இங்கன வாங்க. தொட்டுப் பாருங்க. நடுவுல டயர் பட்டன் தேயாம நல்லாருக்கு. வெளியோரம் மட்டும் ரம்பப் பல்லு மாதிரி இழுத்துருக்கு பாத்தியளா? ஏ ஸ்டெபி, அலைன்மெண்ட் என்ன சொல்லுது?"

"ஒரு தப்பும் இல்ல."

"காத்தும் சரியா இருக்கு. அப்ப இது வண்டி கோளாறு இல்ல சார். ஓட்டுத கை. வளைவுல வண்டிய நம்பி விட்டு எடுத்துருக்கீங்க. பயந்தவன் டயரு இப்படித் தேயாது."

"நம்ம கடைக்கு வாறவன் பூரா நேர் ரோட்டுல முறுக்குதவன் சார்" என்றாள் ஸ்டெபி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இப்படி ஒரு டயரு நான் பாத்து வருசம் ஒண்ணாச்சு."

காந்திமதிநாதன் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். முப்பது வருடமாகக் கையெழுத்துப் போட்ட கைகள். அவற்றுக்கு யாரும் இதுவரை எந்தக் குணத்தையும் சொன்னதில்லை. இது தனக்கு வந்த பாராட்டுதானா என்று அவர் ஒரு கணம் நின்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நல்ல வார்த்தை ஒன்று வாசலில் வந்து நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால், அது பக்கத்து வீட்டுக்கு வந்ததோ என்று விசாரிக்கிற மனம் எல்லோருக்கும் எல்லா நாளும் இருப்பதில்லை.

"பழக்கந்தான்" என்றார்.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. இந்தக் கைக்கு இந்த ஷாக்கப்சர் பத்தாது என்றான் எட்வின். உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி ஒரு செட் வரவழைக்கலாம், ஸ்பிரிங் இறுக்கமானது, கூடவே கொஞ்சம் அகலமாக, பிடிப்பு கூடிய டயர். கோயம்புத்தூர்ப் பந்தயத் தடத்தில் அடுத்த மாதம் வீட்டுக் கார்களுக்கு ஒரு போட்டி நடக்கிறது, ஆள் ஆளாகத் தனியே ஓட்டி நேரம் பார்ப்பார்கள், சார் பெயரையும் கொடுத்துவிடலாமா என்றும் கேட்டான். காந்திமதிநாதன் ஆதார் நகலை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டில் சுகிர்தா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக் கழற்றாமலே சொல்ல ஆரம்பித்தார். அவள் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தாள்.

"டயரைப் பாத்தா அப்படிச் சொன்னான்?"

"பயந்தவன் டயரு இல்லையாம்."

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ரொம்பத் தாழ்த்திராதீங்க. நம்ம தெருமுக்கு ஸ்பீடு பிரேக்கர்ல இடிக்கும்" என்றாள். "பின்பக்க ஸ்பிரிங் கொஞ்சம் கூடுதல் இறுக்கமா இருந்தா, வளைவுல மூக்கு வெளிய தள்ளாது."

"எட்வினும் அதையேதான் சொன்னான். ஒனக்கு யாரு சொன்னா?"

"எங்கயோ வாசிச்சேன்."

ஆதாரம் கேட்டே பழகியவர் அதற்கும் ஆதாரம் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து அலுவலக மாடிப்படித் திருப்பத்தை உள்ளோரமாக ஒட்டி ஏற ஆரம்பித்தார். பத்திரம் எழுதுகிறவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

சாமான் வந்து மாட்டிய அன்றுதான் எடைப் பலகை வைபவம். நான்கு சக்கரத்துக்கும் அடியில் நான்கு பலகை. ஓட்டுகிறவர் எடையோடு எந்தச் சக்கரத்தின் மேல் எவ்வளவு பாரம் இறங்குகிறது என்று பார்த்து, ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் கீழே இருக்கிற வளையத்தைத் திருகிச் சரிசெய்ய வேண்டும். வழக்கமாக இருக்கையில் அரிசி மூட்டையை வைத்துவிடுவார்கள்.

"நீங்க வீட்டுக்குப் போங்க சார். மூட்டைய வச்சுக்கிடுதோம்" என்றாள் ஸ்டெபி.

"மூட்டை நான் இல்லல்லா" என்று சொல்லி அவரே ஏறி உட்கார்ந்தார். உற்சவர் மாதிரி நேரே பார்த்தபடி இருந்தார். கொஞ்ச நேரத்தில் எட்வின் காருக்கடியிலிருந்து, "சார், மூச்சு விடலாம், ஒண்ணும் ஆகாது" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை சீவலப்பேரி சாலையில் எட்வினுக்குத் தெரிந்த ஐயம்பெருமாள் அண்ணாச்சி விற்பனைக்குப் போட்ட மனைப்பிரிவில் ஓட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. தார்ச்சாலை போட்டு, கல் நட்டு, நுழைவாயில் கட்டி நான்கு வருடம் ஆகியும் ஒரு வீடு எழும்பாத இடம். அது தன் அலுவலக எல்லைக்குள் வரவில்லை என்று சரிபார்த்த பிறகே காந்திமதிநாதன் சம்மதித்தார். அண்ணாச்சிக்கு ஏக சந்தோஷம்.

"ஆளில்லாத காடுன்னு சொல்லுதானுவ சார்வாள். ஒரு வண்டி நாலு சுத்து சுத்துனா ஊரு மாதிரி இருக்கும்லா" என்று ஆடுகளை வெளியே விரட்டிவிட்டு வாசல் கதவைப் பூட்டினார்.

எட்வின் கூம்புகளை வைத்து வழி காட்டினான். சுகிர்தா பிளாஸ்கோடு வந்து உடைமரத்து நிழலில் நின்றாள். காந்திமதிநாதன் ஐந்து சுற்று ஓட்டினார். தன் கணக்கில் அது பேய் ஓட்டம். திருப்பத்தில் ஒருமுறை பெல்ட் தோளை அழுத்தியது. வண்டியை நிறுத்தி இறங்கினார்.

எட்வின் ஓடிவந்து, நெற்றியில் காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கி மாதிரி ஒன்றை டயரின் உள்பக்கம், நடு, வெளியோரம் என்று காட்டிப் பார்த்தான். மறுபடி காட்டினான்.

"ஸ்டெபி, இது வேலை செய்யுதா?"

அவள் அதை வாங்கி அவன் நெற்றியில் வைத்தாள். "முப்பத்தாறு. நீ உயிரோடதான் இருக்கே."

"டயரு சூடேறி அறுபதத் தொடணும், முப்பத்தொம்பதுதான் காட்டுது. சும்மா கெடக்குத ரோடே முப்பத்தஞ்சு. பழைய சோத்துப் பானை மாதிரி குளுந்து கெடக்கு." அவன் தலையைச் சொறிந்தான். "சார், புது சாமான்னு பாவம் பாக்காதீங்க. வழக்கமா ஓட்டுத மாதிரி ஓட்டுங்க."

இரண்டாவது தடவை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு போனார். முதல் கூம்பு வந்ததும் கால் தானாகப் பிரேக்குக்குப் போயிற்று. ஒவ்வொரு வளைவிலும் போயிற்று. அப்போதுதான் அவர் தன்னையே விசாரித்தார். வழக்கமாக ஓட்டுகிற மாதிரி என்றால் எந்த மாதிரி? கலெக்டர் ஆபீஸ் ரவுண்டானாவில் வேகமாகத் திரும்பியிருக்கிறேனா? கிருஷ்ணாபுரம் போனபோது? வருடம் முழுக்கத் தேடியும் அப்படி ஒரு வளைவு அவர் நினைவில் இல்லை. அந்த டயர்கள் யாரையோ சுமந்துகொண்டு அப்படித் தேய்ந்திருக்கின்றன. அந்த யாரோ சனிக்கிழமைகளில் அவர் இல்லாமலே போய்வந்திருக்கிறார்.

நிறுத்தி இறங்கினார். நாற்பத்தொன்று என்றது கருவி. எட்வின்தான் இரக்கப்பட்டு, "புது டயருல்லா சார். பழகணும். கோயம்புத்தூர்ல சூடு பிடிச்சிரும்" என்றான்.

நல்ல வழிதான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பெயரோடு இன்னும் மூன்று வாரம் நடமாடலாம். காந்திமதிநாதன் காரின் கூரையில் கையை வைத்தபடி நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்பதிலும் ஆளுக்கொரு கணக்கு இருக்கிறது.

"எட்வின், அந்தப் பழைய டயரைத் தேச்சது நான் இல்ல" என்றார் கடைசியில்.

"பின்ன யாரு சார்?"

அவர் உடைமரத்தைப் பார்த்தார். சுகிர்தா பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள், அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

"புனலூர் ரோட்டுல எத்தன வளைவு இருக்கும்?" என்று அவளிடம் கேட்டார்.

"செங்கோட்டை தாண்டிட்டா எண்ண முடியாதுங்க."

அவர் சாவியை நீட்டினார். அவள் வாங்கவில்லை, தரையைப் பார்த்தாள். அவர் நீட்டிய கையை இறக்கவும் இல்லை. பிறகு வாங்கிக்கொண்டாள். இருக்கையை முன்னுக்கு இழுத்து, கண்ணாடியைத் திருப்பி, பெல்ட்டை ஒரு சுண்டு சுண்டிப் பார்த்துவிட்டுக் கிளப்பினாள். அந்த வரிசை அவளுக்கு மனப்பாடமாக இருந்தது.

முதல் சுற்று மெதுவாக. இரண்டாவதிலிருந்து காந்திமதிநாதன் காரைப் பார்க்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். வளைவுக்கு முன்பே எஞ்சின் அடங்கியது, வளைவுக்குள் டயர் மெல்ல முனகியது, வெளியே வரும்போது சத்தம் ஒரே இழுவையாக உயர்ந்தது. எங்கும் தடுமாற்றம் இல்லை. தெரிந்த பாதையில் பேசிக்கொண்டே நடக்கிற ஆளின் நடை மாதிரி இருந்தது.

"சார்வாள், வீட்டுல அம்மா என்னா போடு போடுதாவ" என்றார் அண்ணாச்சி, வாயை மூடாமல்.

கார் நின்றதும் எட்வின் கருவியை நீட்டினான். "வெளியோரம் அறுபத்தொண்ணு. நடு அறுபது. உள்ள அம்பத்தெட்டு." அவன் குரல் கோயிலில் பேசுகிற மாதிரி தணிந்திருந்தது. "இதுதான் சார் அந்தக் கை."

சுகிர்தா இறங்கியதும், "இடது வளைவுல ஒரு மாதிரியும் வலது வளைவுல வேற மாதிரியும் போவுது" என்றாள். "வலது பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது. இவுக எடைக்கு வச்சதுல்லா."

"எத்தன கிலோ அக்கா நீங்க?" ஸ்டெபி நோட்டை எடுத்தாள்.

"அம்பத்தெட்டு."

"முப்பத்துநாலு கிலோ வித்தியாசம். அண்ணே, மறுபடியும் முதல்ல இருந்து."

திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள். பாளையங்கோட்டை மார்க்கெட் சிக்னலில் நின்றபோது அவர் கேட்டார்.

"ஏன் சொல்லல?"

"நீங்க அன்னைக்கு வீட்டுக்குள்ள வந்தீங்கள்ல, செருப்போட. இருபத்துமூணு வருசத்துல அப்படி ஒருநாள் வந்ததில்ல. அதைப் போயி எப்படிப் பிடுங்குறது?" விளக்கு பச்சையானது. அவள் கியரைப் போட்டாள். "ஆனா எனக்கும் கோயம்புத்தூர் போணும்னு இருந்துச்சு. தினமும் நாளைக்குச் சொல்லுவோம் நாளைக்குச் சொல்லுவோம்னு இருந்தேன். இன்னைக்கு நீங்க அந்த சாவிய நீட்டலைன்னா சொல்லியிருக்க மாட்டேன். அது பொறவு மனசுலயே கெடந்திருக்கும்."

அவர் ஜன்னல் வழியே பார்த்தபடி இருந்தார். கொஞ்சம் வலித்தது. அதைவிட, முப்பத்துநாலு கிலோ இறங்கினது போலவும் இருந்தது.

"போட்டியில பேரு மாத்தணும்னா எழுத்துல கொடுக்கணும்" என்றார். "வீட்டுக்குப் போனதும் ஒன் ஆதாரை எடு. மனுவை நான் எழுதுதேன். என் பேரை வெட்டி ஒன் பேரைப் போட எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு கீழ கையெழுத்தும் போட்டுத்தாரேன்."

அவள் சிரித்ததில் கார் ஒருமுறை குலுங்கியது.

கோயம்புத்தூரில் பெண்கள் பிரிவில் ஒன்பது பேர் ஓட்டினார்கள். சுகிர்தா நான்காவதாக வந்தாள், இரண்டு கூம்புகளை இடித்தாள். இந்த வருடமும் பெயர் கொடுத்திருக்கிறாள். ஸ்டெபியும் ஒரு பழைய காரை வாங்கி அதே பிரிவில் சேர்ந்துவிட்டாள், அண்ணனும் தங்கையும் அதன் ஸ்பிரிங் பற்றித் தினமும் சண்டை போடுகிறார்கள். ஐயம்பெருமாள் அண்ணாச்சியின் மனைப்பிரிவில் மூன்று வீடுகள் வந்துவிட்டன, அங்கே இப்போது வேகமாக ஓட்ட விடுவதில்லை. காந்திமதிநாதனுக்குச் சங்கரன்கோவிலுக்கு மாற்றல் ஆயிற்று. ஒரே ஒருமுறை சுகிர்தாவோடு புனலூர் போனார், ஆரியங்காவு தாண்டி நான்காவது வளைவில் வாந்தி எடுத்தார், ரயிலில் திரும்பி வந்தார். வார நாட்களில் அவர்தான் காரை எடுக்கிறார். ஐம்பதுக்கு மேல் போவதில்லை.